அந்த நாற்காலி அங்கே இல்லவே இல்லை, தெரியுமா?

ஒரே ஆண்டில் 20 கோடி பிரதிகள், 32 மொழிகள்! சுவீடனின் மரச்சாமான் நிறுவனமான ஐக்கியா 2016-ல் வீடு வீடாக விநியோகித்த கேட்டலாக்கின் கணக்கு இது. அதைப் புரட்டியவர்கள் சோபாவைப் பார்த்தார்கள், மேஜை விளக்கைப் பார்த்தார்கள், ஜன்னல் வழியே சாய்ந்து விழுந்த காலை வெயிலையும் பார்த்தார்கள். அவற்றில் பெரும்பகுதியை எந்தக் கேமராவும் பார்த்ததே இல்லை, தெரியுமா? 2014-லேயே அந்த நிறுவனத்தின் பொருள் படங்களில் நூற்றுக்கு எழுபத்தைந்து கம்ப்யூட்டருக்குள் பிறந்தவை!

எல்லாம் ஆரம்பித்தது ஒரு நாற்காலியில். 'பெர்டில்' என்று பெயர். அலங்காரம் எதுவுமில்லாத மர நாற்காலி. 2006-ல் அதன் கம்ப்யூட்டர் படம் சத்தமில்லாமல் அச்சுக்குள் நுழைந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்காததுதானே வெற்றி! 2010-ல் ஒரு முழு அறையையே கம்ப்யூட்டரில் கட்டி முடித்துவிட்டார்கள்.

இடையில் நடந்ததுதான் வேடிக்கை. 2009 வாக்கில் அங்கே புகைப்படப் பிரிவிலிருந்து கம்ப்யூட்டர் பிரிவுக்கு ஒரு புகார் வந்தது. உங்கள் படங்கள் படு மோசம், இந்த வேலையை நிறுத்துங்கள் என்று. பதறிப்போய், மோசமென்று ஒதுக்கப்பட்ட படங்களை எடுத்து வைத்துச் சரிபார்த்தால்... அவை கேமராவில் எடுத்த அசல் புகைப்படங்கள்! நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டப்பட்ட சிலதான் கம்ப்யூட்டர் படங்கள்! அதற்குப் பிறகு அங்கே ஒரு தலைகீழ் மாற்றம் நடந்தது. புகைப்படக்காரர்களுக்கு 3டி கற்றுக்கொடுத்தார்கள். 3டி கலைஞர்களைக் கேமராவைத் தூக்கச் சொன்னார்கள். இந்தத் துறையில் எடுக்கப்பட்ட புத்திசாலித்தனமான முடிவுகளில் இதற்கு முதல் பரிசு கொடுப்பேன். காரணம் போகப் போகத் தெரியும்.

இவ்வளவு சிரமம் எதற்கு? சமையலறையை நினைத்துப் பாருங்கள். அமெரிக்கச் சமையலறை வேறு, ஜெர்மன் சமையலறை வேறு, ஜப்பான் சமையலறை வேறு. ஒவ்வொன்றுக்கும் அலமாரி, அடுப்பு, குழாய் எல்லாவற்றையும் கப்பலில் வரவழைத்து, செட் போட்டு, படமெடுத்து, பிரித்துக் குப்பையில் போட வேண்டும். கம்ப்யூட்டரில் என்றால் குழாயை மாற்ற ஒரு சொடுக்கு!

சரி, பொருளைக் கம்ப்யூட்டரில் வரைந்தாயிற்று. அதை ஓர் உண்மையான புகைப்படத்துக்குள் கொண்டுபோய் வைத்தால், காலண்டரில் ஒட்டிய ஸ்டிக்கர் போலத் துருத்திக்கொண்டு நிற்கிறதே, ஏன்? வடிவம் சரி, அளவு சரி, நிறம்கூடச் சரி. ஆனால் அந்த இடத்து வெளிச்சம் அதன் மேல் விழவில்லை! அந்த வெளிச்சத்தை எப்படிக் களவாடுவது? விடை கிடைத்தது எங்கே தெரியுமா? கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் பளபளப்பான உருண்டையில்!

1982-ல் அமெரிக்காவின் மேகி என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த ஜீன் மில்லர், அலுவலகத்துக்கு வெளியே கார்கள் நிறுத்தும் இடத்தில் அப்படி ஓர் உருண்டையைப் படம் பிடித்தார். கண்ணாடி உருண்டைக்கு ஒரு விசேஷம் உண்டு. முன்னால் இருப்பது மட்டுமல்ல, மேலே, கீழே, இரு பக்கம், தனக்குப் பின்னால் இருப்பதில் பெரும்பகுதி என்று சுற்றுப்புறத்தையே ஒரு வட்டத்துக்குள் சுருட்டி வைத்துக்கொள்ளும். அந்தப் பிரதிபலிப்பை எடுத்து, கம்ப்யூட்டரில் செய்த ஒரு கொழகொழ நாய்க்குப் போர்த்தினார்கள். அவ்வளவுதான்! அலுவலக வாசலில் ஒரு வெள்ளி நாய் அந்தரத்தில் மிதந்தது. அதன் உடம்பில் அந்த இடமே தெரிந்தது. ஒரு பொருளில் சுற்றுப்புறம் பிரதிபலிப்பது போலக் காட்டும் வித்தையை 1976-லேயே ஜிம் பிளின், மார்ட்டின் நியூவெல் இருவரும் ஒரு தேநீர்க் கெண்டியை வைத்துச் செய்துகாட்டியிருந்தார்கள். ஆனால் அசல் இடத்தின் அசல் பிரதிபலிப்பைப் பிடித்துவந்ததுதான் மில்லரின் கெட்டிக்காரத்தனம்.

இன்றைக்கும் சினிமாப் படப்பிடிப்பில் ஷாட் முடிந்ததும் ஒருவர் குரோம் பந்தையும், பக்கத்தில் ஒரு சாம்பல் பந்தையும் தூக்கிக்கொண்டு கேமரா முன்னால் வந்து நிற்பார். விளையாட்டு இல்லை. குரோம் பந்து வெளிச்சம் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று சொல்லும். சாம்பல் பந்து அது ஒரு பொருளின் மேல் எப்படி விழுகிறது என்று சொல்லும்.

ஆனாலும் ஒரு சிக்கல். சாதாரணப் புகைப்படத்தில் வெள்ளைக்கு மேல் வெள்ளை கிடையாது! வெள்ளைச் சுவரும் வெள்ளை, சூரியனும் வெள்ளை. இரண்டுக்கும் ஒரே எண், அளவின் உச்சமான 255. உண்மையில் சூரியத் தட்டு, நீல வானத்தைவிட ஒரு லட்சம் மடங்குக்கும் மேல் பிரகாசம்! இந்தப் படத்தை நம்பி வெளிச்சம் போட்டால், கொளுத்தும் வெயிலில் வைத்த பொருள்கூட மேகமூட்டத்தில் இருப்பது போல மங்கிக் கிடக்கும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர்கள் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பால் டெபவெக்கும், மதுராவில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த ஜிதேந்திர மாலிக்கும். 1997-ல் அவர்கள் சொன்ன வழி எளிமையானது. ஒரே காட்சியைப் பல ஷட்டர் வேகங்களில் எடுங்கள். ஒன்றில் நிழல் தெளிவாக இருக்கும், ஒன்றில் விளக்கின் இழை தெளிவாக இருக்கும். எல்லாவற்றையும் சேர்த்தால் அந்த இடத்தில் உண்மையில் எவ்வளவு வெளிச்சம் இருந்தது என்ற கணக்கே கிடைத்துவிடும்! இதுதான் எச்.டி.ஆர். உங்கள் கைபேசியில் அந்தப் பெயரில் இருக்கும் பொத்தான் இதே குடும்பத்தின் பேரப்பிள்ளை.

அடுத்த ஆண்டே டெபவெக் இன்னொரு வெடியைப் போட்டார். இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் இதுதான். மேஜையின் புகைப்படம் ஒன்று இருக்கிறது. அதன் மேல் ஒரு கம்ப்யூட்டர் பந்தை வைக்க வேண்டும். பந்து மேஜையில் நிழல் போட வேண்டும், சிவப்புப் பந்தென்றால் மேஜைக்கு லேசாகச் சிவப்பும் கசிய வேண்டும். அதற்குக் கம்ப்யூட்டரிலும் ஒரு மேஜை வேண்டுமே? செய்துகொள்ளலாம். ஆனால் அது அசல் மேஜையோடு நூறு சதவீதம் பொருந்தாதே? இங்கேதான் வித்தை! கம்ப்யூட்டர் மேஜையைப் பந்தோடு ஒரு முறை, பந்தில்லாமல் ஒரு முறை ரெண்டர் செய்யுங்கள், அதாவது படமாக்குங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் என்ன? பந்தினால் வந்த நிழலும் நிறக்கசிவும் மட்டும்தான். அந்த வித்தியாசத்தை மட்டும் அசல் புகைப்படத்தில் கூட்டிக் கழியுங்கள். உங்கள் போலி மேஜையின் நிறம் கொஞ்சம் தப்பாக இருந்தாலும் கழித்தலில் பெரும்பாலும் அடிபட்டுப் போய்விடும்! தப்பை ஒழிக்காமல், தப்பு தப்பையே தின்னும்படி செய்த மூளைக்கு ஒரு கும்பிடு.

1999-ல் இந்த முறையை வைத்து வாடிகனின் புனித பீட்டர் பேராலயத்துக்குள்ளேயே ராட்சதத் தூண்களைச் சரியவிட்டார், கண்ணாடி உருண்டைகளை உருட்டிவிட்டார். எல்லாம் கம்ப்யூட்டர் சரக்கு. பேராலயம் மட்டும் புகைப்படம்! அவர் பதிவு செய்து இலவசமாகக் கொடுத்த வெளிச்சங்களில் ஒன்று சான்பிரான்சிஸ்கோவின் கிரேஸ் கதீட்ரல். விளைவு? அதற்குப் பிறகு பல ஆண்டுகள் உலகெங்கும் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் ஆய்வுக் கட்டுரைகளில் வந்த உருண்டைகளிலும் கெண்டிகளிலும் பொம்மை முயல்களிலும் அதே கதீட்ரலின் ஜன்னல்கள் மின்னின. ஆய்வாளர் எந்த ஊரில் இருந்தாலும் அவருடைய கெண்டி சான்பிரான்சிஸ்கோவில் இருந்தது! இன்று அந்தப் பஞ்சம் தீர்ந்துவிட்டது. காடு, கடற்கரை, கார் ஷெட் என்று எந்த இடத்து வெளிச்சத்தையும் பாலி ஹேவன் போன்ற தளங்களிலிருந்து காசில்லாமல், உரிமைக் கட்டுப்பாடும் இல்லாமல் இறக்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று சொல்லாமல் நகர முடியவில்லை. அதே டெபவெக் குழு 1997-ல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டைச் சுற்றிக் கேமரா பறப்பது போல ஒரு குறும்படம் செய்தது. கேமரா பறக்கவே இல்லை. ஒரு சில புகைப்படங்களை எளிய 3டி வடிவங்கள் மேல் போர்த்திய மாயம். அதற்கான வான்வழிப் படங்களை எப்படி எடுத்தார்கள் தெரியுமா? பட்டம் விட்டு! காற்றாடியில் கேமராவைக் கட்டிப் பறக்கவிட்டு எடுத்தார்கள்! 'மேட்ரிக்ஸ்' படத்தில் நாயகன் குண்டுகளுக்கு வளைந்து கொடுக்கும் காட்சியில் பின்னணிக் கட்டடங்கள் சுழல்கின்றனவே, அந்தத் தொழில்நுட்பத்தின் தாய்வீடு இந்தப் பட்டம்தான்.

வெளிச்சம் ஆயிற்று. இனி ஓரம். ஒரு பிக்சலில் பாதி முடி, பாதி வானம் இருந்தால் அந்தப் பிக்சலுக்கு என்ன நிறம்? 1970-களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் எட் கேட்மல்லும் ஆல்வி ரே ஸ்மித்தும் இதற்கு விடை கண்டார்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றோடு நான்காவதாக ஓர் எண்ணையும் ஒவ்வொரு பிக்சலுக்கும் கொடுத்துவிடலாம்; 'நான் இவ்வளவுதான் மறைக்கிறேன்' என்று அது சொல்லிவிடும். ஆல்பா சேனல்! 1984-ல் தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அதற்கு ஒரு முழு இலக்கணமே எழுதினார்கள். நால்வருக்கும் பின்னாளில் ஆஸ்கர் அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் அனுப்புகிறோமே, அதன் ஓரம் வெட்டுப்படாமல் இருப்பது இவர்கள் புண்ணியம்.

ஆனால் ஆல்பா சரியாக இருந்தும் ஓரத்தில் கறுப்புக் கோடு விழுவதுண்டு. குற்றவாளி யார் தெரியுமா? 128 என்ற எண்! 0 முதல் 255 வரை உள்ள அளவில் 128 என்றால் பாதி வெளிச்சம் என்றுதானே நினைப்போம்? இல்லை! ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். திரைக்காகவும் கண்ணுக்காகவும் எண்கள் வளைத்து எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வளைவை நிமிர்த்தாமல் இரண்டு படங்களைக் கலந்தால் ஓரமெல்லாம் அழுக்காகும். ஆகவே தேர்ந்த கலைஞர்கள் முதலில் எண்களை நிமிர்த்தி, கலந்து, கடைசியில் மறுபடி வளைப்பார்கள்.

நிழலுக்கு வருவோம். நிழலின் ஓரம் கூர்மையா, மங்கலா? இரண்டும்! சூரியன் ஒரு புள்ளி அல்ல. நம் வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள தட்டு. அதனால் பொருள் தரையிலிருந்து விலக விலக நிழலின் ஓரம் கலையும். ஒரு மீட்டர் தூரத்தில் கலைவின் அகலம் சுமார் 9 மில்லிமீட்டர், பத்து மீட்டரில் சுமார் 9 சென்டிமீட்டர். நூறு மீட்டர் உயரக் கட்டடத்தின் உச்சி நிழல், சாய்ந்த வெயிலில், ஒரு மீட்டருக்கு மேல் மங்கிக் கிடக்கும்! அடி முதல் நுனி வரை ஒரே கூர்மையில் நிழல் போட்டிருந்தால் அது கத்துக்குட்டி வேலை. நிழலுக்கு நிறமும் உண்டு. திறந்த வெளியில் அதற்குள் விழுவது வானத்து வெளிச்சம் என்பதால் லேசாக நீலம் பாயும். வெறும் கறுப்பை ஊற்றினால் படம் செத்துவிடும்.

இதையெல்லாம் விடச் சிறியது, இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. நாற்காலிக் கால் தரையைத் தொடும் இடத்தில், வெளிச்சம் புகமுடியாத அந்த மெல்லிய இருட்டு. நூலளவுதான் இருக்கும். அது இல்லையென்றால் பத்து லட்ச ரூபாய் ரெண்டரும் அந்தரத்தில் மிதக்கும்! இடுக்குகளில் இருட்டு தங்குவதைக் கணக்கிடும் முறையை 2001-ல் வந்த 'பேர்ல் ஹார்பர்' படத்தின் போர்க்கப்பல்களுக்காக ஐ.எல்.எம். என்ற சினிமா கிராபிக்ஸ் நிறுவனம் பெரிய அளவில் பயன்படுத்தியது. அந்த இருட்டுக்கும் ஆஸ்கர் அகாடமி 2010-ல் விருது கொடுத்தது. இருட்டுக்கு விருது!

கம்ப்யூட்டரின் பரம எதிரி யார்? சுத்தம். 1982-ல் 'ட்ரான்' படத்தில் வேலை செய்த கென் பெர்லினுக்கு அந்த உலகத்தின் பளிச்சென்ற எந்திரத்தனம் பிடிக்கவேயில்லை. உட்கார்ந்து, இயற்கையாகத் தோன்றும் ஒழுங்கின்மையைத் தயாரிக்கும் ஒரு கணக்கை எழுதினார். 'பெர்லின் நாய்ஸ்' என்று அவர் பெயராலேயே வழங்கும் அந்தக் கணக்கு இல்லாமல் இன்று பளிங்கு இல்லை, மேகம் இல்லை, துரு இல்லை. அவர் வேலை பார்த்த இடம் எது? வெள்ளி நாயை மிதக்கவிட்ட அதே மேகி! பளபளப்பும் அழுக்கும் ஒரே அலுவலகத்தில் பிறந்திருக்கின்றன.

இப்போது ஐக்கியா ஏன் 3டி கலைஞர்களைக் கேமராவைத் தூக்கச் சொன்னது என்ற கதைக்கு வருகிறேன். ரெண்டரைப் புகைப்படத்தில் ஒட்டுபவர் நிஜ உலகத்தைப் பிரதியெடுக்கக் கூடாது. கேமராவின் குறைகளைப் பிரதியெடுக்க வேண்டும்! லென்ஸ் நேர்கோட்டை லேசாக வளைக்கும். மூலைகளை இருட்டாக்கும். பளிச்சிடும் ஓரங்களில் ஊதா, பச்சை விளிம்பு காட்டும். உள்ளே சிதறும் வெளிச்சத்தால் கறுப்பைச் சாம்பலாக்கும். சென்சாரோ படம் முழுக்கப் பொடி தூவும். புகைப்படத்தில் இத்தனையும் இருக்க, நடுவில் நம் நாற்காலி மட்டும் மாசு மருவற்று நின்றால்? ஆகவே போட்டோஷாப்பில் கடைசி மணி நேரங்கள் முழுக்க அசிங்கப்படுத்தும் வேலைதான். கூர்மையைக் குறை, கறுப்பைத் தூக்கு, கிரெய்ன் போடு, பின்னணி வெளிச்சத்தை ஓரங்களில் கொஞ்சம் கசியவிடு. மேஜையின் விளிம்பைக்கூட மழுக்க வேண்டும். உலகத்தில் கத்தி முனை உட்பட எந்த விளிம்பும் கணிதக் கூர்மையோடு இல்லை. அந்த மழுங்கலில்தான் ஒளிக்கோடு பிடிக்கும். சமூக ஊடகங்களில் 'அச்சு அசலாக இருக்கிறது' என்று வியக்கப்படும் பல ரெண்டர்களைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். ஒரு பிடி தூசி போட வேண்டும் என்று.

நிறத்திலும் ஒரு சூட்சுமம். முழுக்கறுப்பு, முழுவெள்ளை என்று எந்தப் பொருளும் இல்லை. கரிகூடத் தன் மேல் விழும் வெளிச்சத்தில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்புகிறது. புதுப் பனி 80, 90 சதவீதத்தோடு நின்றுவிடுகிறது. தண்ணீரை நேர் மேலிருந்து பாருங்கள்: திருப்பி அனுப்புவது 2 சதவீதம்தான், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும். சாய்த்துப் பாருங்கள்: முழுக் கண்ணாடி! தண்ணீர் மட்டுமல்ல, தார் ரோடுகூட ஓரப் பார்வையில் மினுங்கும்.

போலிப் படத்தை அளவுகோல் இல்லாமல் பிடிக்க ஒரு வழி வேண்டுமா? சமதரையில் எடுத்த படத்தில் தொடுவானக் கோடு எப்போதும் கேமராவின் உயரத்தில் இருக்கும். கேமரா ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அருகில் நிற்பவரோ அரை மைல் தள்ளி நிற்பவரோ, ஒவ்வொருவரையும் அந்தக் கோடு அவரவர் ஒன்றரை மீட்டர் உயரத்திலேயே வெட்டும்! ஒருவரை மட்டும் முழங்காலில் வெட்டினால், அவர் பின்னால் வந்து சேர்ந்தவர். அல்லது ராட்சதர்.

கம்ப்யூட்டருக்கு முன்னால் இதெல்லாம் இல்லையா என்றால், ஏன் இல்லை! 1857-ல் ஆஸ்கர் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களைச் சேர்த்து ஒரே படம் செய்தார். விக்டோரியா மகாராணியே ஒரு பிரதி வாங்கினார். பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு இன்னொன்று என்று ஒட்டினார். அந்தக் காலத்து ரசாயனம் நீலத்துக்கு அதிகம் பதறும். கடல் பதிவதற்குள் வானம் வெளுத்துவிடும். இன்றைய எச்.டி.ஆர். தீர்ப்பதும் அதே தலைவலியைத்தான்! 1905-ல் அமெரிக்காவில் நார்மன் டான் ஒரு கட்டடத்தைப் படமெடுக்கப் போனார், குறுக்கே ஒரு கம்பம். கேமரா முன்னால் கண்ணாடியை நிறுத்தி, அதில் ஒரு மரத்தை வரைந்து கம்பத்தை மறைத்துவிட்டார். பின்னால் அதையே சினிமாவுக்குக் கொண்டுபோனார். நம் ஊர் ஸ்டூடியோக்கள் மட்டும் சளைத்தவையா? சாய்வு மேஜையில் நெகட்டிவை வைத்து, கூர் பென்சிலால் அம்மைத் தழும்பை அழித்தவர்கள் இருந்தார்கள். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்த தாத்தாவையும் பாட்டியையும் தனித்தனிப் படங்களிலிருந்து எடுத்து, ஒரே பிரேமுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தவர்களும் அவர்கள்தான்.

1982 பிப்ரவரியில் 'நேஷனல் ஜியாகிரபிக்' பத்திரிகை எகிப்தின் பிரமிடையே நகர்த்திவிட்டது! அகலமான படத்தை நெட்டையான அட்டைக்குள் அடைக்க, இரண்டு பிரமிடுகளைக் கம்ப்யூட்டரில் நெருக்கி வைத்தார்கள். பெரிய கண்டனம் எழுந்தது. எட்டு ஆண்டுகளில், 1990-ல், போட்டோஷாப் கடைக்கு வந்தது. தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்களின் படைப்பு. அதைச் செய்துகாட்ட ஜான் பயன்படுத்திய படம், போரா போரா தீவின் கடற்கரையில் உட்கார்ந்திருந்த தன் காதலியின் படம்! ஜான் அப்போது ஐ.எல்.எம்.மில் வேலை. 1989-ன் 'தி அபிஸ்' படத்தில் நீரால் ஆன ஓர் உருவம் நீந்தி வருமே, அதன் உடம்பில் தெரியும் அறை, செட்டில் எடுத்த புகைப்படங்களை அவர் போட்டோஷாப்பில் கோத்துச் செய்தது. கடைக்கு வரும் முன்பே அந்த மென்பொருள் செய்த வேலை, அசல் படத்தைக் கம்ப்யூட்டர் உருவத்தோடு பொருத்துவது! இன்னொரு ஆச்சரியம்: முதல் நான்கு ஆண்டுகள் போட்டோஷாப்பில் லேயர் கிடையாது. 1994-ல் மூன்றாவது பதிப்பில்தான் வந்தது. அதுவரை ஒட்டியது ஒட்டியதுதான்.

இன்று? கார் விளம்பரத்தில் மலைப்பாதை நிஜம், கார் பல சமயம் பொய். தொழிற்சாலை வடிவமைத்த அதே 3டி கோப்பு தயாராக இருக்கும்போது, ரகசியமாகப் பாதுகாக்கும் புது மாடலை எதற்கு ரோட்டில் இறக்க வேண்டும்? வெறும் சாலையை 'பேக்பிளேட்' என்று படமெடுத்து, அதே இடத்தின் வெளிச்சத்தையும் பதிவு செய்தால் போதும். 2016-ல் 'தி மில்' நிறுவனம் பிளாக்பேர்டு என்று ஒரு வண்டியே செய்தது. நீளத்தையும் அகலத்தையும் மாற்றிக்கொண்டு எந்தக் காருக்கும் டூப் போடும்! கம்ப்யூட்டர் கார் பின்னால் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதே 2016-ல் இன்ஸ்டாகிராமில் வந்தாள் லில் மிக்கேலா. உடம்பும் உடையும் தெருவும் புகைப்படம், தலை கம்ப்யூட்டர். 2018-ல் 'டைம்' பத்திரிகை இணையத்தில் செல்வாக்கு மிக்கவர்கள் பட்டியலில் அந்தத் தலையையும் சேர்த்தது!

பிளாட் விளம்பரங்களில் நிலைமை தலைகீழ். கட்டடம் கற்பனை, அதன் வாசலில் குழந்தையின் கையைப் பிடித்து நடப்பவர்கள் மட்டும் எங்கோ நடந்துகொண்டிருந்த நிஜ மனிதர்கள், வெட்டி ஒட்டப்பட்டவர்கள். ஓரத்தில் பொடி எழுத்தில் 'சித்திரிக்கப்பட்டது' என்று இருக்கும். 2016-ன் இந்திய ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு தெரியுமா? விளம்பரத்தின் பொய்யான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டால் இழப்பீடு கேட்கலாம். விலகிக்கொள்ள விரும்பினால் கட்டிய பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். படத்தில் நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு ஏரியும் இருந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை நுணுக்கம் பார்க்கிறார்களே, நம் கண் அவ்வளவு கறாரா? அங்கேதான் பெரிய அதிர்ச்சி! காலடி இருட்டு இல்லையென்றால் உடனே துள்ளும் இதே கண், வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் படு ஏமாளி. பவன் சின்ஹா உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005-ல், பல கோணங்களில் கிடக்கும் கட்டைகளைக் காட்டி, அதில் ஒன்றுக்கு மட்டும் வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம் போட்டார்கள். கண்டுபிடிக்க மக்கள் திண்டாடினார்கள். நிழலும் கண்ணாடிப் பிரதிபலிப்பும் தப்பாக இருக்கும் படங்களை ஹேனி ஃபாரிடும் மேரி பிராவோவும் 2010-ல் சோதித்தார்கள். அங்கேயும் அதே கதை. இத்தனைக்கும் விதி சுலபம். நிழலின் நுனியையும் அந்த நிழலைத் தந்த பொருளின் நுனியையும் இணைத்துக் கோடு போடுங்கள். படத்தில் உள்ள எல்லாக் கோடுகளும் ஒரே புள்ளியில் சந்திக்க வேண்டும். ஸ்கேல் வைத்தால் ஒரு நிமிட வேலை. வெறுங்கண்ணுக்கு முடியாத வேலை! 2011-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கெவின் கார்ஷ் குழுவினர் இன்னும் ஒரு படி போனார்கள். எப்போதோ எடுத்த ஒற்றைப் புகைப்படம். அந்த இடத்துக்கே போகாமல், பந்து எதுவும் பிடிக்காமல், விளக்கு எங்கே என்று யாராவது சுட்டிக்காட்டினால் போதும், கம்ப்யூட்டர் பொருளை நுழைத்துவிடலாம். எது அசல் என்று பார்வையாளர்கள் குழம்பினார்கள்.

கண் இவ்வளவு ஏமாளி என்றால் அது மறுபக்கமும் ஏமாறும் அல்லவா, அசலைப் போலி என்று? ஏமாந்தது, அரை நூற்றாண்டு! ஜான் கென்னடியைச் சுட்டதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டு, கொல்லைப்புறத்தில் துப்பாக்கியோடு நிற்கும் 1963-ம் ஆண்டுப் புகைப்படம் ஒன்று உண்டு. என் தலையை வேறொருவர் உடம்பில் ஒட்டிவிட்டார்கள் என்றார் அவர். மூக்கின் நிழல் ஒரு பக்கம், உடம்பின் நிழல் ஒரு பக்கம் விழுகிறதே என்று கோடிக்கணக்கானவர்களுக்கும் சந்தேகம். 2009-ல் ஹேனி ஃபாரிடு என்ன செய்தார் தெரியுமா? ஆஸ்வால்டின் தலையையும் உடம்பையும் கொல்லைப்புறத்தையும் கம்ப்யூட்டரில் 3டியாகக் கட்டினார். ஒரே ஒரு சூரியனை வைத்தார். மூக்கு நிழல், உடம்பு நிழல் இரண்டும் புகைப்படத்தில் உள்ள இடத்திலேயே வந்து விழுந்தன! சரி, ஆனால் அவர் நிற்கும் சாய்வைப் பாருங்கள், அப்படி யாராலும் நிற்க முடியாது என்றார்கள். 2015-ல் ஃபாரிடு குழுவினர் அந்த 3டி உடம்புக்கு எடையும் கொடுத்து, துப்பாக்கியின் எடையையும் கையில் ஏற்றிக் கணக்குப் போட்டார்கள். ஆஸ்வால்டு விழவில்லை, கெட்டியாகவே நின்றார்!